‘நல்லா இருக்கேன்’ என்பது தகவலா?

தஞ்சோங் மாலிமுக்கு வருகிறவர்களைக் கேட்கும் முதல் கேள்வி, “பாவ் வாங்கியாச்சா?” என்பதுதான். யிக் முன் கடையின் பாவுக்கு 1926 முதல் வரலாறு உண்டு. “மலேசியாவிலேயே ருசியான பாவ் இதுதான்” என்பார் அப்பா. “ஈப்போவுல இதைவிட நல்லா இருக்கும்” என்பார் மாமா. நான் பள்ளிக்குப் போன காலத்திலிருந்து இந்த வழக்கு தீரவில்லை. தீரவும் தீராது.

கடை தொடங்கிய ஆண்டை யாரும் சரிபார்க்கலாம். ருசியை அவரவர் நாக்குதான் சொல்ல வேண்டும். முன்னது தகவல், பின்னது கருத்து.

வானொலியில் நேயர்கள் பேசும்போது இரண்டும் கலந்தே வரும். “பெர்னம் ஆற்றைத் தாண்டினா சிலாங்கூர். ஆனா, பேராக் பக்கம்தான் மனசுக்கு நிம்மதி” என்பார் ஒருவர். முதல் பாதிக்கு வரைபடம் சாட்சி. அடுத்த பாதிக்கு அவர் மனசுதான் சாட்சி.

தகவல் என்றாலே உண்மை என்று நினைத்துவிடவும் கூடாது. “சுல்தான் இட்ரிஸ் ஆசிரியர் கல்லூரி சுதந்திரத்துக்குப் பிறகு வந்தது” என்று ஒருவர் சொன்னால், அதுவும் தகவல் வகைதான், ஆனால் தவறு. இன்று பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கும் அந்தக் கல்லூரி 1922இல் திறக்கப்பட்டது. சரிபார்க்க முடிவதால்தான் தவறைப் பிடிக்க முடிகிறது.

ஊடகத் துறை படித்தபோது செய்தியையும் கருத்தையும் பிரிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். பரீட்சையில் தேறினேன். வீட்டில் கோட்டை விட்டேன்.

அப்பா தோட்டத்தில் பால்மரம் சீவியவர். வாரந்தோறும் போனில், “எப்படி இருக்கீங்கப்பா?” என்பேன். “நல்லா இருக்கேன்ம்மா” என்பார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் தோன்றியது. நான்தான் அதைத் தகவலாக எடுத்துக்கொண்டேன். காலில் ஒரு புண் இரண்டு மாதமாக ஆறவில்லை என்று அம்மா சொன்ன பிறகுதான் கிளினிக்குக் கூட்டிப் போனேன். வெறும் வயிற்றில் சர்க்கரை அளவு 13.4. அது 7ஐத் தொட்டாலே நீரிழிவு என்று சந்தேகிப்பார்கள்.

சுகாதார அமைச்சின் 2023 தேசிய ஆய்வின்படி, நம் நாட்டில் பெரியவர்கள் ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. அப்படி இருப்பவர்களில் ஐந்தில் இருவருக்கு அது தெரியாது. அவர்களிடம் நலம் விசாரித்தால் என்ன பதில் வரும்? “நல்லா இருக்கேன்” என்றுதான்.

இப்போது என் கேள்விகள் மாறிவிட்டன. “கடைசியா எப்போ இரத்தம் பார்த்தீங்க? எவ்வளவு வந்துச்சு? மாத்திரை எத்தனை நாளுக்கு இருக்கு?” மழுப்ப முடியாத கேள்விகள் இவை.

ஆனால், எண் மட்டும் போதாது. ஒருநாள் அப்பா, “ரீடிங் சரியாத்தான் இருக்கு. ஆனா, அசதியா இருக்கும்மா” என்றார். “அதான் சரியா இருக்கே!” என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். அசதியை அந்தக் கருவி காட்டாது. அதற்கு அவர் சொல்தான் சாட்சி. அடுத்த முறை டாக்டரிடம் எண்ணோடு அதையும் சேர்த்துச் சொன்னோம்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இன்று இரண்டையும் கேளுங்கள்.

போன ஞாயிறு மாமா வந்தார். பாவ் வழக்கு மறுபடியும் தொடங்கியது. அப்பா பாதி பாவோடு நிறுத்திக்கொண்டார். ருசி மட்டும் குறையவே இல்லையாம்.