கிள்ளான் கடைக் கணக்கு தோட்டத்து வீட்டுக்கு வந்தது



தோட்ட அலுவலகத்தில் கிராணி ஐயா வைத்திருந்த செக்ரோல் புத்தகம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். யார் பெரட்டுக்கு வந்தார், எத்தனை நாள் வேலை செய்தார், கையில் எவ்வளவு சம்பளம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அந்தப் புத்தகம் அலுவலகத்தை விட்டு வெளியே வராது. கணக்குக் கேட்க நாம்தான் அங்கே போய்க் கைகட்டி நிற்க வேண்டும்.

இன்று கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலும் பல கடைகளின் நிலை இதுதான். புத்தகம் போய்க் கணினி வந்துவிட்டது. எஸ்.கியூ.எல். அக்கவுண்ட், ஆட்டோகவுண்ட் போன்ற மென்பொருள்களில் கணக்கு எழுதுகிறார்கள். ஆனால் கணக்கு மட்டும் கடை மேசையை விட்டு நகர்வதில்லை.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி கிள்ளானில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதுகிறாள். அவள் தந்தைக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு. தாயார் செம்பனைக் காட்டில் வேலை. தம்பி இன்னும் படிக்கிறான். ஒருநாள் அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“வேலையை விட்டுவிடப் போகிறேன், டீச்சர். அப்பாவைக் கூட்டிப் போக ஆள் இல்லை.”

“வேலையை விட்டால் வீட்டுச் செலவுக்கு என்னம்மா செய்வாய்?” என்று கேட்டேன். பதில் இல்லை. கண்தான் கலங்கியது.

“கடைக் கணினியை உன் டேப்லெட்டில் திறக்க முடியுமா என்று முதலாளியிடம் கேட்டாயா?” என்றேன். அப்படி ஒரு வழி இருப்பதே அவளுக்குத் தெரியாது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இது எப்படி நடக்கிறது?

விண்டோஸ் கணினிக்கென்று எழுதிய மென்பொருளை ஆண்ட்ராய்டு கைப்பேசியிலோ ஐபேடிலோ அப்படியே ஏற்ற முடியாது. ஒரு வண்டியின் சக்கரம் இன்னொரு வண்டிக்குப் பொருந்தாததைப் போலத்தான். ஆகவே மென்பொருளை நகர்த்தாமல், அதன் திரையை மட்டும் நம்மிடம் வரவழைக்கிறோம். கணக்கு கடைக் கணினியிலேயே ஓடும். அதன் படம் இணையம் வழியாக நம் கையிலுள்ள கருவிக்கு வரும். நம் விரல் தொடுவது அங்கே திரும்பிப் போகும். இதற்கு ரிமோட் டெஸ்க்டாப் என்று பெயர்.

இது புதிய வித்தையன்று. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி புரோவிலேயே இந்த வசதி இருந்தது. 2010-இல் ஐபேட் வந்த பிறகு இது கைக்கும் எட்டியது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி அலுவலகங்கள் மூடியபோது, இதன் அருமையைப் பலரும் உணர்ந்தார்கள்.

விண்டோஸ் புரோ உள்ள கணினிக்கு மைக்ரோசாப்டின் ரிமோட் டெஸ்க்டாப் போதும். ஹோம் பதிப்பு அந்த அழைப்பை ஏற்காது. அதற்குக் கூகுளின் குரோம் ரிமோட் டெஸ்க்டாப் இருக்கிறது, இலவசம். இன்னொரு வழி, மென்பொருளை வாடகைக் கணினி ஒன்றில் ஏற்றி எங்கிருந்தும் திறப்பது. அதற்கு மாதந்தோறும் பணம் கட்ட வேண்டும்.

அந்தப் பெண்ணின் முதலாளி முதலில் தயங்கினார். “கணக்கு வெளியே போய்விடுமே!” என்றார். படம்தான் போகிறது, கணக்கு கடையிலேயே இருக்கிறது என்று அவள் விளக்கியதும், ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். சிகிச்சை நாள் மூன்றில் வீட்டு வேலை, மற்ற நாளில் கடை.

முதல் வாரமே சோதனை வந்தது. கடையைப் பூட்டும்போது யாரோ மின்விசையை அணைத்துவிட்டார்கள். மறுநாள் மாதக் கடைசி. அவள் டேப்லெட்டைத் தட்டித் தட்டிப் பார்த்தாள், ஒன்றும் வரவில்லை. பிறகு அந்த விசையின்மேல் “அணைக்காதீர்” என்று தாள் ஒட்டினார்கள். கணினி தானாக உறங்காதபடியும் மாற்றி வைத்தார்கள். சிறிய எழுத்தைத் தொடும்போது விரல் தவறியதால், ஒரு சிறு விசைப்பலகையும் வாங்கிக் கொண்டாள். ஒரு மாதம் கழிந்தது. வேலை நிலைத்தது.

கத்திக்கு இரு பக்கம்

பெற்றோர்களே, இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். நம் பிள்ளைக்கு உதவும் இதே வழியில் திருடனும் வருவான். வங்கியிலிருந்தோ போலீசிலிருந்தோ பேசுவதாகச் சொல்லி, “இந்தச் செயலியை இறக்குங்கள், எண்ணைச் சொல்லுங்கள்” என்பான். சொல்லிவிட்டால் உங்கள் கைப்பேசி அவன் கையில். சேமிப்பும் அவன் கையில். நீங்களாக ஏற்பாடு செய்யாத எவருக்கும் அந்த எண்ணைச் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே வங்கிக்கும், 2022-இல் தொடங்கிய தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணுக்கும் அழையுங்கள்.

கடைக்காரர்களும் கவனிக்க வேண்டும். கடவுச்சொல் நீளமாக இருக்கட்டும். அதோடு கைப்பேசிக்கு வரும் இரண்டாவது சரிபார்ப்பையும் வையுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது; பழைய கணினியை அப்படியே இணையத்தில் திறந்து வைப்பது ஆபத்து. கணக்கின் நகலை வாரந்தோறும் தனியே எடுத்து வையுங்கள்.

2024 ஆகஸ்ட் 1-இல் உள்நாட்டு வருமான வரி வாரியம், ஆண்டு வருமானம் 10 கோடி வெள்ளிக்கு மேலுள்ள நிறுவனங்களிலிருந்து இ-இன்வாய்ஸ் முறையைத் தொடங்கியது. பிறகு அது படிப்படியாகச் சிறிய நிறுவனங்களுக்கும் வந்தது. கணக்கும் கணினியும் சேர்ந்து தெரிந்த பிள்ளைக்கு இனி மதிப்பு உண்டு.

ஆகவே, கையில் டேப்லெட் வைத்திருக்கும் பிள்ளையை, “எப்போதும் விளையாட்டுதானா?” என்று அதட்டுவதற்கு முன், அருகே உட்கார வைத்து ஒரு கணக்கைப் போடச் சொல்லுங்கள். அன்று கிராணி மேசைக்கு முன்னால் நின்றோம். இன்று நம் பிள்ளை, அப்பாவுக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுத்துவிட்டு, கிள்ளான் கடையின் கணக்கை நம் வீட்டுத் திண்ணையில் முடிக்கிறாள்.