மணல் வரும் போருக்கு எந்த இம்பெல்லர்?

போர் போட்ட இரண்டாம் ஆண்டே தண்ணீர் குறைந்துவிட்டது, மோட்டார் மட்டும் வழக்கம்போல் ஓடுகிறது என்று கூறும் விவசாயிகள் பலர். உடனே புதுப் போருக்கு இடம் பார்க்கத் தொடங்கிவிடுகின்றனர். அதற்குமுன் இருக்கிற போரின் நீர்மட்டத்தை அளந்து பார்ப்பது நலம். மோட்டார் ஓடும்போதும் மட்டம் பம்புக்கு மேலேயே நின்று, தண்ணீர் காற்றுடன் விட்டுவிட்டு வராமல் சீராக, ஆனால் சன்னமாக வந்தால் குறை போரில் இல்லை. இறக்கிய குழாயில் ஓட்டை விழுந்திருக்கலாம். இல்லையேல் இம்பெல்லர் தேய்ந்திருக்கும்.

நிமிடத்துக்குச் சுமார் 2,880 சுற்று சுழலும் பம்பில் மணல் அரம்போல் அராவுகிறது. இம்பெல்லரின் வாய்க்கும் அதைச் சுற்றியுள்ள வளையத்துக்கும் இடைவெளி கூடியதும், மேலே ஏறவேண்டிய நீர் அவ்வழியே திரும்பி உள்ளேயே சுற்றும். இந்நிலையில் கூடுதல் குதிரைசக்தி மோட்டார் மாட்டச் சொல்வோரும் உண்டு. கரண்டு செலவு கூடுமே தவிரத் தேய்ந்த இடம் அடைபடாது.

நோரில் எனப்படும் பிளாஸ்டிக் இம்பெல்லரில் பெரும்பாலும் கண்ணாடி இழை கலந்திருக்கும். துருப்பிடிக்காது, எடை குறைவு. உப்புநீருக்கு வார்ப்பிரும்பைவிட மேல். தெளிந்த நீர் தரும் போருக்கு இதுவே போதும். ஆனால் கண்ணாடி இழை இருப்பதால் மணலுக்கு அஞ்சாது என்று எண்ணக்கூடாது. இழை பிளாஸ்டிக்குக்கு விறைப்பைத் தருகிறது. மேற்பரப்பு அராவப்பட்டால் இழை வெளியே தெரிந்து உதிரத் தொடங்கும். நீரின்றி ஓடினாலோ சூட்டில் நெளிந்துவிடும். கரடுமணல் வரும் போருக்கு விலை கூடினாலும் எவர்சில்வர் இம்பெல்லரே ஏற்றது என்பது நம் கருத்து.

புஷ்ஷில் கணக்கு வேறு. வெண்கலப் புஷ்ஷில் மணல் பதிந்து தண்டையே தேய்க்கும். உள்ளே நீளவாக்கில் பள்ளம் உள்ள ரப்பர் புஷ் அமுங்கிக் கொடுக்கும். மணல் உருண்டு பள்ளத்தில் விழுந்து நீரோடு போய்விடும். அதற்கு எண்ணெயோ கிரீஸோ தடவக்கூடாது. சாதாரண ரப்பர் ஊதிவிடும். தண்ணீரே அதற்கு எண்ணெய்.

மணல் வருகிறதா என்பதை அறிய, மோட்டார் போட்டவுடன் வரும் நீரை வெள்ளை வாளியில் பிடித்துத் தெளியவிட்டால் தெரியும். விடாமல் வந்தால் கேசிங் பைப் கெட்டிப்பாறையில் அமரவில்லை என்று கொள்ளலாம். பம்பு போரின் அடியை ஒட்டி இருந்தால் சற்று உயர்த்திப் பார்க்கவும். ஆனால் நீர்மட்டத்துக்குள் இருக்கவேண்டும். புதுப் பம்பு வாங்கும்போதே இம்பெல்லர், வளையம், புஷ் தனித்தனியாகக் கிடைக்குமா என்று கடையில் கேட்டுக்கொள்ளவும்.