அழைக்காமல் வந்து சேர்ந்த பாஸ்பரஸ்

இரண்டாம் உலகப் போர்க் காலம். வாஷிங்டனில் அமெரிக்க அரசின் தேசியத் தர நிர்ணய ஆய்வகத்தில் ஆப்னர் பிரென்னரும் கிரேஸ் ரிட்டெலும் எஃகுக் குழாய்களின் உட்புறத்துக்கு நிக்கல்-டங்ஸ்டன் மின்முலாம் பூசிக்கொண்டிருந்தார்கள். முலாம் சரியாக அமையவில்லை. கரைசலில் இருந்த சிட்ரேட் நேர்மின்வாயில் ஆக்சிஜனேற்றம் அடைந்து கெடுக்கிறதோ என்று சந்தேகப்பட்டு, அதைத் தடுக்கச் சோடியம் ஹைப்போபாஸ்பைட்டைச் சேர்த்துப் பார்த்தார்கள்.

குழாயின் வெளிப்புறத்திலும் முலாம் ஏறியிருந்தது! அங்கே ஏற வேண்டிய அவசியமே இல்லை. எவ்வளவு மின்சாரம் செலுத்தினால் எவ்வளவு உலோகம் படியும் என்பதை ஃபாரடே விதி கறாராகச் சொல்லிவிடும். இங்கே படிந்ததோ அதைவிட அதிகம். செயல்திறன் 100 சதவீதத்தைத் தாண்டினால், பலரும் கணக்கில்தான் பிழை என்று விட்டுவிடுவார்கள். இவர்கள் விடவில்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டே முலாம் பூசும் முறையை உருவாக்கி, 1946-இல் வெளியிட்டார்கள்.

நடப்பது இதுதான். ஹைப்போபாஸ்பைட் தன் எலக்ட்ரான்களை நிக்கல் அயனிக்குக் கொடுத்துவிட்டுப் பாஸ்பைட்டாக மாறுகிறது. இந்த வினைக்கு இரும்பு, நிக்கல் போன்ற உலோகப் பரப்பு வேண்டும். படிந்த நிக்கலே அடுத்த அடுக்குக்கு வினையூக்கியாகிவிடுவதால் முலாம் தானே வளர்ந்துகொண்டு போகும். சுமார் 90 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும் தொட்டியில் ஓர் எஃகுத் திருகை இறக்கினால், அதன் உடம்பெங்கும் பொடிப்பொடியாக ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்பும். மின்முலாம் விளிம்புகளில் தடித்தும் பள்ளங்களில் மெலிந்தும் படியும். இதிலோ திருகின் முகட்டிலும் மரையின் அடியிலும் ஒரே தடிமன்தான். எரிசோடா ஏற்றிச் செல்லும் அமெரிக்க ரயில் தொட்டி வண்டிகளின் உட்புறத்துக்கு 1950-களிலேயே இது பயன்பட்டது.

இதே வினையை 1844-இலேயே பிரெஞ்சு வேதியியலாளர் அடால்ஃப் உர்ட்ஸ் கண்டிருந்தார். ஆனால் அவருக்குக் கிடைத்தது வெறும் தூள். நடைமுறைக்கு உதவும் முலாமாக அதை வளர்க்க ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

ஹைப்போபாஸ்பைட்டில் ஒரு பகுதி பாஸ்பரஸாகவே ஒடுக்கமடைந்து நிக்கலோடு சேர்ந்து படிந்துவிடும். ஆகவே இந்த முலாம் ஒருபோதும் தூய நிக்கல் அல்ல. அதைக் குறையாகப் பார்க்கக் கூடாது என்பேன். இந்த முலாமின் மதிப்பே அந்தப் பாஸ்பரஸில்தான் இருக்கிறது. எடையில் 10 சதவீதத்துக்கு மேல் பாஸ்பரஸ் சேர்ந்தால், அணுக்கள் படிக ஒழுங்கில் அடுக்கப்பட முடியாமல் கண்ணாடியைப் போலத் தாறுமாறாக உறைந்துவிடுகின்றன. படிக எல்லைகள் இல்லாததால் அரிப்பு நுழைய வழி குறைகிறது. நிக்கலுக்கே உரிய காந்தத்தன்மையும் போய்விடுகிறது. கணினி ஹார்டு டிஸ்கின் அலுமினியத் தட்டின்மேல் இந்த முலாமைப் பூசி, மெருகேற்றி, அதன்மேல்தான் தகவல் பதியும் காந்தப் படலத்தை இடுகிறார்கள். அடித்தளம் காந்தமாக இருந்தால் பதிவு குழம்பிவிடும்.

அதே முலாமைச் சுமார் 400 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்கினால் கதை மாறுகிறது. மூன்று நிக்கல் அணுவுக்கு ஒரு பாஸ்பரஸ் என்ற விகிதத்தில் நிக்கல் பாஸ்பைடு நுண்படிகங்கள் உள்ளே பிறக்கின்றன. கடினத்தன்மை ஏறக்குறைய இரு மடங்காகி, கடின குரோமியத்தை எட்டிப் பிடிக்கிறது. கூடவே அரிப்பைத் தாங்கும் திறன் கொஞ்சம் குறைகிறது.

இரண்டு நிக்கலுக்கு ஒரு பாஸ்பரஸ் உள்ள சேர்மத்துக்கு வேறு வேலை. நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்க அது நல்ல வினையூக்கியாகும் என்று 2005-இல் பிங் லியூ, ஹோசே ரோட்ரிகஸ் இருவரும் கணிப்பின் மூலம் சொன்னார்கள். 2013-இல் சோதனை அதை உறுதிசெய்தது. திறனில் பிளாட்டினம் இன்னும் முன்னால்தான் நிற்கிறது. விலையிலும் கிடைக்கும் அளவிலும் நிக்கலோடு அதனால் போட்டியிட முடியாது.