எண்ணெய் காணாத வாள் ஆளைக் கடிக்கும்



முள்ளிக்குளத்து மக்கள் 2007இல் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. 2017 ஏப்ரலில்தான் ஊரின் ஒரு பகுதியை விடுவிக்கக் கடற்படை இணங்கியது. பத்து வருசம் உடையவன் கை படாத வளவு எப்படியிருக்கும்? பற்றையும் மரமும்தான். அதைத் துப்புரவாக்கக் கத்தியும் கோடரியும் காணாது. செயின் சோ மெஷின் வேண்டும். கொண்டச்சி மரமுந்திரிகைத் தோட்டத்தில் பட்ட கொப்புத் தறிக்கவும், மலையகத்தில் நிழல் மரக் கொப்பு இறக்கவும் அதே மெஷின்தான்.

மெஷினை ஓட்டப் பழகுகிற நாம், வேலை முடிந்ததும் அதை அப்படியே மூலையில் வைத்துவிடுகிறோம். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

முழு வேகத்தில் செயின் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 20 மீற்றர் ஓடுகிறது. இரும்போடு இரும்பு உரசுகிறது. இடையில் ஓயில் இல்லாவிட்டால் பார் கொதிக்கும், செயின் தொய்யும், கழன்று வீசும், அறுந்தும் போகும். முள்ளிக்குளத்தில் இருப்பவருக்குப் பெரிய ஆஸ்பத்திரி மன்னாரில். இரத்தம் அவ்வளவு தூரம் காத்திருக்குமா?

மெஷினில் இரண்டு தாங்கி உண்டு. ஒன்று, 2ரி ஓயில் கலந்த பெற்றோலுக்கு. 50க்கு 1 என்று மெஷின் புத்தகத்தில் இருந்தால், ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் ஓயில். மற்றது, செயினுக்கும் பாருக்கும் போகிற ஓயிலுக்கு. இரண்டையும் மாற்றி ஊற்றிவிடாதீர்கள்.

"கராஜில் கழித்த பழைய ஓயில் சும்மா கிடைக்குதே, ஊத்தினா என்ன?" என்று கேட்பார்கள். ஊற்ற வேண்டாம். அதிலுள்ள இரும்புத் தூள் ஓயில் பம்பைத் தின்றுவிடும். தோலில் பட்டுக்கொண்டேயிருந்தால் புற்றுநோய்க்கும் இடமுண்டு. வடை சுட்ட எண்ணெயும் சரிவராது. நாள்பட்டால் பிசினாக இறுகித் துவாரத்தை அடைத்துவிடும். நுவரெலியாக் குளிரில் தேங்காயெண்ணெய் உறைந்தே போகும். செயினுக்கென்று விற்கிற ஓயில்தான் நல்லது.

வீட்டில் செய்ய வேண்டியது இதுதான்:

1. மெஷினை நிற்பாட்டுங்கள், ஆறவிடுங்கள். பிளக்கின் மூடியைக் கழற்றிவையுங்கள். தடித்த கையுறை போடுங்கள். இது செய்யாமல் செயினில் கை வைக்கவே கூடாது. அடுப்பு, பீடி, சுருட்டு எதுவும் கிட்ட வரக்கூடாது.

2. மணலில் வைக்காமல் சாக்கை விரித்து வையுங்கள். நம் கரையோர மணல் ஒரு தடவை பட்டாலே பல் மொட்டையாகும். பாரைக் கழற்றி, அதன் நீள வாய்க்காலையும் ஓயில் வருகிற துவாரத்தையும் மெல்லிய தகட்டால் சுரண்டித் துப்புரவாக்குங்கள். திருப்பிப் பூட்டும்போது பாரைத் தலைகீழாக்கிப் பூட்டினால் இரண்டு ஓரமும் சமமாகத் தேயும்.

3. செயினை இறுக்குங்கள். பாரின் அடிப்பக்கத்தை ஒட்டி நிற்கவும் வேண்டும், கையால் இழுத்தால் ஓடவும் வேண்டும். இழுக்கும்போது செயின் பிறேக் விட்டிருக்கட்டும். சூட்டில் இறுக்கிய செயின் ஆறும்போது சுருங்கி மெஷினைக் கெடுக்கும். ஆகையால் வேலை முடிந்ததும் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள்.

4. பல்லை உருண்டை அரத்தால் தீட்டுங்கள். செயினுக்கு ஏற்ற பருமனில் அரம் வாங்க வேண்டும். உள்ளிருந்து வெளியே மட்டும், ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. மரத்தூள் மாவாக வந்தால் பல் மொட்டை. சீவலாக வந்தால் சரி. மொட்டைப் பல்லென்றால் நாம் அமத்துவோம், அமத்தினால் கை தவறும்.

5. பெற்றோல் ஊற்றும் ஒவ்வொரு தடவையும் செயின் ஓயிலையும் நிரப்புங்கள். பெற்றோல் முடிந்தும் ஓயில் குறையவில்லையா? சந்தோசப்படாதீர்கள், துவாரம் அடைத்துவிட்டது.

6. கடைசியாக ஒரு சோதனை. பிளக் மூடியைப் போட்டு, பெற்றோல் ஊற்றிய இடத்திலிருந்து மூன்று மீற்றராவது தள்ளிப்போய் ஸ்ராட் பண்ணுங்கள். இரண்டு கையாலும் பிடித்து, பாரின் நுனியை வெட்டிய அடிமரம் ஒன்றுக்கு 20 சென்ரிமீற்றர் மேலே வைத்துக் கொஞ்சம் வேகம் கொடுங்கள். மரத்தில் ஓயில் கோடு விழவேண்டும். விழாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை.

ஒன்றை மறக்கவேண்டாம். பார் நுனியின் மேற்பாதி மரத்தில் முட்டினால், கண்மூடித் திறக்குமுன் வாள் ஆளின் முகத்துக்கு எகிறும். அப்போது செயினை நிற்பாட்டவே முன்னாலுள்ள செயின் பிறேக். அது பிடிக்காத மெஷினை யார் கேட்டாலும் இயக்கவேண்டாம். "கொஞ்ச வேலைதானே" என்று சொல்கிறவர் கை தரப்போவதில்லை.

வைக்கும்போது பெற்றோலை வெளியே எடுத்துவிட்டு, செயினை ஓயில் துணியால் துடைத்து, பாருக்கு உறை போட்டு, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கடற்காற்று ஒரு கிழமையில் துரு ஏற்றிவிடும்.

இந்தப் பக்கத்தை வெட்டி, மெஷின் வைக்கிற இடத்தில் ஒட்டிவையுங்கள். வாசிக்கத் தெரியாதவர் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள்.