பேரணி போனா விபத்து குறையுமா? கோவை டாக்டர் போட்ட வழக்கும், பெருந்துறைக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வியும்!

ஜனவரி பிறந்தால் போதும். எமதர்மன் வேஷம் போட்டவர் பாசக்கயிறோடு ஜங்ஷனில் நிற்பார். பள்ளிப் பிள்ளைகள் அட்டை பிடித்துப் பேரணி போவார்கள். ஹெல்மெட் போட்டு வந்தவருக்கு ஒரு சாக்லேட் கிடைக்கும். சாலைப் பாதுகாப்பு மாதம் முடிந்ததும் பேனரைக் கழற்றிவிடுவார்கள். மிச்சம் 11 மாசம்?

கணக்கைப் பாருங்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் தமிழ்நாட்டில் 17,884 பேர். தினமும் ஒரு டவுன் பஸ் நிறைய ஆட்கள் வீடு திரும்பவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடமும் நமக்குத்தான்: 64,105.

ஹெல்மெட் போடச் சொல்வது ரொம்பச் சரி. அதே 2022-ல் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். ஆனால், விளக்கு எரியாத ஜங்ஷன், எச்சரிக்கைப் பலகை இல்லாத வளைவு, பக்கத்தில் சிகிச்சை வசதி இல்லாத நெடுஞ்சாலை... இதற்கெல்லாம் யார் பதில் சொல்வது? அந்தக் கேள்வியை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனவர் ஒரு கோவை டாக்டர்.

வழக்கு எண் 295

டாக்டர் எஸ்.ராஜசேகரன், கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு, முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை நிபுணர். சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு ஆபரேஷன் செய்வதே அவருடைய வேலை. 2012-ல் அவர் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு போட்டார். ரிட் மனு எண் 295. சாலைப் பாதுகாப்புச் சட்டங்களை ஒழுங்காக அமல்படுத்த வேண்டும், அடிபட்டவர்களுக்கு உரிய சிகிச்சை கிடைக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

2014 ஏப்ரலில், நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் 3 பேர் குழுவை நீதிமன்றம் அமைத்தது. மாநிலங்கள் என்ன செய்தன என்று கேட்டு வாங்குவது அதன் வேலை. 2017 நவம்பர் 30 அன்று நீதிபதிகள் மதன் லோகுர், தீபக் குப்தா அமர்வு நீண்ட உத்தரவு ஒன்றைப் போட்டது. ஒவ்வொரு மாநிலத்திலும் சாலைப் பாதுகாப்புக்குத் தனிக் கொள்கை, தனி நிதி, பொறுப்பேற்கும் தலைமை அமைப்பு. ஒவ்வொரு மாவட்டத்திலும் கலெக்டர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு, குறைந்தது ஒரு விபத்துச் சிகிச்சை மையம். விபத்து அடிக்கடி நடக்கும் இடங்களைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதும் கட்டாயம்.

அந்த வழக்கு அதோடு முடிந்துவிடவில்லை. 2025 ஜனவரியில் அதே வழக்கில்தான், விபத்தில் சிக்கியவர்களுக்குக் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தைக் கெடுவுக்குள் கொண்டு வரும்படி மத்திய அரசுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மே மாதம் திட்டம் வந்தது. விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாள்களுக்கு, 1.5 லட்சம் ரூபாய் வரை. 2025 அக்டோபரில் நடந்து செல்பவர்களின் பாதுகாப்புக்கான உத்தரவுகளும் இதே வழக்கில் வந்தன. ஒரே ஒரு மனு 13 ஆண்டுகளாக அரசுகளைக் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறது!

ரேஸ் உலகத்திலும் ஒரு டாக்டர்

நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா 1-ல் கார் ஓட்டியபோது கொங்கு மண்டலமே கொண்டாடியது. அந்த ரேஸை நிர்வகிக்கும் அமைப்பு எஃப்.ஐ.ஏ. 1904-ல் பாரிஸில் தொடங்கிய சர்வதேச மோட்டார் கிளப்புகளின் கூட்டமைப்பு இது. அங்கேயும் மாற்றத்தின் நடுவில் ஒரு டாக்டர் இருந்தார். லண்டன் மூளை நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் சிட் வாட்கின்ஸ்.

1994-ல் இமோலா பந்தயத்தில் அடுத்தடுத்த நாளில் ரோலண்ட் ராட்ஸன்பெர்கர், அயர்டன் சென்னா என இரண்டு வீரர்கள் இறந்தார்கள். எஃப்.ஐ.ஏ. உடனே வாட்கின்ஸ் தலைமையில் நிபுணர் குழு அமைத்தது. கார், டிராக், தடுப்பு என எல்லாமே மாறின. ‘டிரைவர் கவனமாக ஓட்டியிருக்கணும்’ என்று சொல்லி யாரும் கை கழுவவில்லை.

ரேஸில் கற்ற பாடம் ரோட்டுக்கும் வந்தது. ஃபார்முலா 1-ன் வணிக உரிமையைக் கைமாற்றியதில் கிடைத்த பணத்தில் 300 மில்லியன் டாலரைக் கொடுத்து, 2001-ல் எஃப்.ஐ.ஏ. ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளை உருவானது. கார்களை மோதவிட்டு ஸ்டார் கொடுக்கும் சோதனைகளுக்கு அது துணை நின்றது. 2014-ல் குளோபல் என்.சி.ஏ.பி. அமைப்பு இந்தியாவில் விற்பனையான 5 சின்ன கார்களைச் சோதித்தது. அத்தனைக்கும் பூஜ்யம்! ரிசல்ட் பொதுவெளிக்கு வந்ததும் பேச்சு சூடானது. 2018-ல் டாடா நெக்ஸான் 5 ஸ்டார் வாங்கியது. 2023 அக்டோபரில் நம் நாட்டுக்கே சொந்தமாக பாரத் என்.சி.ஏ.பி. வந்தது. இன்று கார் வாங்கப் போகிறவர் ‘மைலேஜ் எவ்வளவு?’ என்பதோடு ‘எத்தனை ஸ்டார்?’ என்றும் கேட்கிறார்.

கேள்வி கேட்கும் அமைப்பையே யார் கேட்பது?

அதே எஃப்.ஐ.ஏ. இப்போது வேறு காரணத்துக்காகச் செய்தியில் அடிபடுகிறது. 2024 டிசம்பரில் அதன் விதிகள் திருத்தப்பட்டன. நெறிமுறைப் புகார்களைக் கையாளும் அதிகாரம் தலைவர், செனட் தலைவர் இருவர் கையில் குவிந்துவிட்டது என்று விமர்சனம் எழுந்தது. 2025 ஏப்ரலில் துணைத் தலைவர் ராபர்ட் ரீட், நிர்வாக முறை சரியில்லை என்று சொல்லிப் பதவி விலகினார். டிசம்பரில் தலைவர் முகமது பின் சுலாயம் போட்டியின்றி மறுபடியும் தேர்வானார்.

பாரிஸ் சண்டை நமக்கு எதற்கு என்கிறீர்களா? உள்ளூரிலும் பிரச்னை இதேதான். மாவட்டக் குழுவில் கலெக்டர், எஸ்.பி., நெடுஞ்சாலை இன்ஜினீயர், ஆர்.டி.ஓ. எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். ரோட்டைப் போட்டவர்களும், அந்த ரோட்டில் விபத்து ஏன் என்று ஆராய்பவர்களும் ஒரே மேஜையில்! அதனால்தான் பொதுமக்கள் தரப்பிலும் உறுப்பினர்கள் வேண்டும் என்று 2017 உத்தரவு சொன்னது. அந்த நாற்காலிகளில் இருப்பவர்கள் வாய் திறந்தால்தான் குழு உயிரோடு இருக்கும்.

பெருந்துறையில் என்ன செய்யலாம்?

சேலம் - கோவை நெடுஞ்சாலை (என்.எச். 544) பெருந்துறையை ஒட்டிப் போகிறது. சிப்காட்டுக்கு ஷிஃப்ட் மாறும் நேரத்தில் டூவீலர்களும் கன்டெய்னர் லாரிகளும் ஒரே ரோட்டில். சானடோரியத்தில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை முன்பு நடத்தியதே போக்குவரத்துக் கழகங்களின் ஐ.ஆர்.டி. நிறுவனம்தான். இன்று அது அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி. சாலைக்கும் சிகிச்சைக்கும் இவ்வளவு நெருக்கமான ஊர் நம்முடையது.

* தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டருக்குள், 3 ஆண்டுகளில் மரணமோ கொடுங்காயமோ ஏற்பட்ட 5 விபத்துகள், அல்லது 10 மரணங்கள் நடந்திருந்தால் அது ‘பிளாக் ஸ்பாட்’. உங்கள் பகுதியில் எது அந்தப் பட்டியலில் இருக்கிறது, என்ன சரிசெய்தார்கள் என்று ஆர்.டி.ஐ. மூலம் கேட்கலாம்.

* மாவட்டக் குழு கடைசியாக எப்போது கூடியது, என்ன முடிவெடுத்தது என்பதையும் கேட்கலாம்.

* ஆபத்தான இடத்தை போட்டோ எடுத்து, திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனு கொடுங்கள். ‘விபத்து நடக்குது’ என்று பொதுவாக எழுதாமல், எந்த இடம், எந்த நேரம், என்ன குறை என்று எழுதுங்கள். ரசீது வாங்க மறக்காதீர்கள்.

* அடிபட்டவருக்கு உதவத் தயங்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவு உதவுபவருக்குப் பாதுகாப்பு தருகிறது. தமிழக அரசின் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

ஹெல்மெட் போடுவது நம் பொறுப்பு. அதில் சாக்குப்போக்கு வேண்டாம். அந்த வேலையை முடித்துவிட்டு, ரோட்டுக்குப் பொறுப்பானவர்களிடம் அவர்கள் வேலையைப் பற்றிக் கேட்போம். ஆபரேஷன் தியேட்டரில் நாள் முழுக்க நின்ற ஒரு டாக்டருக்கே அதற்கு நேரம் இருந்தது. நமக்கு ஒரு திங்கள்கிழமை காலை போதும்.