வழிநடைச் சோறு

நடப்பவரைக் கண்டு வியப்போர் பலர். நடப்பவருக்காக உலை வைப்போரைப் பற்றி எழுதுவோர் சிலரே. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு வைகாசி மாதத்தில், கதிர்காமப் பாதயாத்திரிகருக்கு அன்னம் சமைக்கும் தொண்டர் குழுவொன்றில் நான்கு நாட்கள் நானும் ஒருவனாக இருந்தேன். இடம், வற்றாப்பளையிலிருந்து வெகு தூரத்தில் இல்லாத ஒரு வீதியோரப் பந்தல். அங்கே நான் கற்றது சமையல் மட்டுமன்று.

இந்த யாத்திரையின் தொடக்கம் வடமராட்சியிலே, தொண்டைமானாற்றங்கரையில் உள்ள செல்வச்சந்நிதி. அங்கே உறையும் முருகனை மக்கள் ‘அன்னதானக் கந்தன்’ என்றே அழைப்பர். அங்கிருந்து புறப்படுவோர் வன்னி மண்ணைக் கடந்து, வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலைத் தரிசித்து, கடல்நீரில் விளக்கெரியும் அதிசயத்தைக் கைகூப்பி வணங்கியபின் தெற்கே திரும்புகின்றனர். திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தைமலை, அதன்பின் குமண, யால வனங்கள் என ஏறக்குறைய ஒன்றரை மாத நடை. முடிவிலே கதிர்காமத்து ஆடித் திருவிழா. போர்க்காலத்தில் வடக்கிலிருந்து நடக்கும் வழி நெடுநாள் அடைபட்டிருந்தது. இப்பொழுது மீண்டும் நடக்கிறார்கள்.

நெடுந்தூரப் பயணங்கள் பிற நாடுகளிலும் உண்டு. மொரோக்கோ நாட்டின் பாலைநிலத்தில் 1986 ஆம் ஆண்டு முதல் ஓர் ஓட்டப்பந்தயம் நடைபெறுகிறது. ஏறத்தாழ 250 கிலோமீற்றர் தூரத்தைப் பல நாட்களில் ஓடிக் கடக்க வேண்டும். ஓடுபவர் தமக்குரிய உணவைத் தாமே முதுகிற் சுமக்க வேண்டும் என்பது அங்கே விதி. நம் யாத்திரிகரின் வழக்கமோ இதற்கு நேர்மாறானது. உகந்தைக்கு அப்பால், கடைகளும் வீடுகளும் அற்ற காட்டுக்குள் நுழையும்போதுதான் அவர்கள் அரிசியும் பருப்பும் கட்டிக்கொள்கிறார்கள். அதுவரை அவர்களிடம் இருப்பது ஒரு துணிமூட்டை, ஒரு செம்பு, முன்னே போகும் வேல். அடுத்த ஊரில் யாரோ அடுப்பு மூட்டியிருப்பார் என்ற நம்பிக்கையே அவர்களுடைய கட்டுச்சோறு. அந்த நம்பிக்கை பொய்த்துவிடக் கூடாதே என்பதுதான் சமைப்பவனுடைய கவலை.

எங்கள் வேலை அதிகாலை மூன்று மணிக்குத் தொடங்கும். கரையோரக் கிணறுகள் கோடையில் உவர்த்துவிடுவதனால், குடிதண்ணீரை முதல் நாளே பவுசரில் வருவித்து வைத்திருப்போம். பாலை விறகு நின்றெரியும். அடுப்பை அடிக்கடி தள்ள வேண்டியதில்லை. ஆண்கள் கிடாரத்தைத் தூக்கி வைக்க, பெண்கள் பூசணியும் கத்தரியும் அரிவார்கள். தேங்காய் துருவுவது என் பங்கு. உண்கலமாகக் குளத்துத் தாமரை இலைகளைக் கொணர்ந்து கழுவி அடுக்குவோம். விடியுமுன்னரே நடக்கத் தொடங்கும் யாத்திரிகர் வெயில் ஏறியதும் நிழல் தேடுவர். ஆதலால், முற்பகல் பதினொரு மணிக்குள் எல்லாம் ஆகிவிட வேண்டும். உறைப்பும் எண்ணெயும் குறைவாகவே இருக்க வேண்டும். வயிறு குழம்பியவனால் அடுத்த நாள் நடக்க முடியாது.

மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபி அள்ள அள்ளக் குறையாதது. எங்கள் கிடாரம் அத்தகையதன்று. அளந்து போட்ட அரிசிக்கு அளந்த சோறுதான் தரும். மூன்றாம் நாள் அது எங்களுக்கு நன்கு விளங்கிற்று.

அன்று எண்பது பேர் வருவர் என்று கணக்கிட்டுச் சமைத்திருந்தோம். பத்தரை மணியளவில் மோட்டார் சைக்கிளில் வந்த இளைஞன் ஒருவன், பின்னால் வந்த மற்றொரு கூட்டமும் இவர்களோடு சேர்ந்துவிட்டது என்றான். நூற்றைம்பதுக்குக் குறையாது! சாக்கில் எஞ்சியிருந்தது இரவுச் சமையலுக்கென வைத்த சிறிதளவு அரிசி. புதிதாக அரிசி வாங்கி வந்து உலை வைக்க நேரமில்லை. முன்னே வருவோருக்குச் சோறு போடுவோம், மற்றவர்கள் காத்திருக்கட்டும் என்றார் ஒருவர். குழுவில் மூத்தவரான ஆச்சி தலையசைத்து மறுத்தார்.

“சோத்தைத் திருப்பிக் கிடாரத்திலை போடுங்கோ. தண்ணி கிடக்கு, உப்புக் கிடக்கு, தேங்காய் கிடக்கு. கஞ்சியாக்கினால் எல்லாருக்கும் காணும்.”

“சாமிமாருக்குக் கஞ்சியோ ஆச்சி? ஊருக்கு மானக்கேடல்லோ?” என்றார் முன்னவர்.

ஆச்சி அவருக்கு மறுமொழி கூறவில்லை. அகப்பையை எடுத்தார். மிஞ்சியிருந்த அரிசியையும், வெந்த பருப்பையும், பூசணித் துண்டுகளையும் சோற்றோடு சேர்த்தார். பால் பிழியும்படி என்னைப் பணித்தார். கஞ்சி தாமரை இலையில் நிற்காது என்பதும் அவருக்கு நினைவிருந்தது. இளைஞர் இருவர் வடலிகளில் ஓலை வெட்டி வர, முதியவர்கள் திண்ணையிலிருந்து பிளாக் கோலத் தொடங்கினர்.

கிண்டிக்கொண்டே என்னிடம் தாழ்ந்த குரலில் அவர் சொன்னார்: “அண்டைக்கு இப்பிடி ஒரு கிடாரத்துக்கு முன்னாலை வரிசையிலை நிண்டனான், தம்பி. எனக்கு முன்னாலை நிண்ட ஆளோடை கஞ்சி முடிஞ்சு போச்சு. ஊத்தினவர் என்ரை முகத்தைப் பாக்கேலாமல் நிலத்தைப் பாத்தார். இண்டைக்கு அகப்பை என்ரை கையிலை. நான் நிலத்தைப் பாக்கக் கூடாது.”

‘அண்டைக்கு’ என்றால் எப்பொழுது என்று நான் கேட்கவில்லை. அந்த மண்ணில் அதைக் கேட்க வேண்டியதில்லை. முள்ளிவாய்க்கால் அண்மையில்தான் இருக்கிறது. 2009 ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் இலட்சக்கணக்கான மக்கள் அக்கரையோரத்தின் ஒடுங்கிய நிலத்துண்டுகளில் அடைபட்டுக் கிடந்தார்கள். அரிசியும் நீரும், கிடைத்தபோது உப்பும் சேர்ந்த கஞ்சி பலருடைய உயிரைப் பிடித்து வைத்தது. அதனை நினைந்து, ஆண்டுதோறும் மே 18 ஆம் நாளை ஒட்டிப் பல ஊர்களிலும் கஞ்சி காய்ச்சிச் சிரட்டையில் வழங்குகின்றனர்.

வேல் வந்து சேர்ந்தது. ‘அரோகரா’ என்ற ஒலியோடு கூட்டம் பந்தலுக்குள் நிறைந்தது. முதல் பிளாவை வாங்கிய முதியவர் ஒருவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு மீண்டும் நீட்டினார். “இந்த வெயிலுக்கு இதுதான் சாப்பாடு” என்றார். அவர் உபசாரத்துக்காகச் சொல்லவில்லை. வெயிலில் நெடுநேரம் நடப்பவனின் வியர்வையோடு உப்பும் வெளியேறுகிறது. அவன் வெறுந்தண்ணீரை மட்டும் மிகுதியாகக் குடித்தால், இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து மயக்கமும், சில வேளை உயிராபத்தும் நேரும். நெடுந்தூர ஓட்டக்காரர்களிடையே மருத்துவர்கள் கண்டறிந்த உண்மை இது. நீரும் உப்பும் மாவுச்சத்தும் ஒருங்கே சேர்ந்த கஞ்சி அந்தக் குறையைத் தீர்க்கிறது. மானக்கேடென்று அஞ்சியவரே, வாளியும் அகப்பையுமாகப் பந்தியை நான்கு முறை சுற்றி வந்தார்.

நூற்றைம்பது பேருக்கும் காணுமாக இருந்தது. சிறிது இளைப்பாறியபின் திருநீறு தந்து வாழ்த்திவிட்டு அவர்கள் நடையைத் தொடர்ந்தார்கள். கிடாரத்தின் அடியில் ஒட்டியிருந்ததை வழித்து ஆச்சி ஒரு பிளாவில் ஊற்றினார். தாம் பாதி குடித்து எனக்குப் பாதி தந்தார். உப்புச் சற்றுக் கூடுதலாகவே இருந்தது.

வைகாசியில் அவ்வழியே பயணம் செய்யும் வாசகர்கள், வீதியோரத்தில் புகையெழும் பந்தலைக் கண்டால் வாகனத்தை நிறுத்திச் சற்றே இறங்கிப் பாருங்கள். சமைக்கத் தெரியாதென்று தயங்க வேண்டாம். தேங்காய் துருவ எப்பொழுதும் ஓர் ஆள் குறைவாகவே இருக்கும்.