வறண்ட காற்றில் பனிமேகம் எப்படி?

எரியோட்டில் சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும்போதும், தலைக்கு நேர்மேலே சுமார் 17 கிலோமீட்டர் உயரத்தில் குளிர் மைனஸ் 80 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். வெப்பமண்டலக் காற்று மேலேறும்போது அதிலுள்ள ஈரம் அங்கே உறைந்து, பனித்துகளாகி, பெரும்பாலும் கீழிறங்கிவிடுகிறது. திருப்பதி அருகே காதங்கியிலுள்ள தேசிய வளிமண்டல ஆய்வகம் லேசர் ஒளியை மேலே செலுத்தி இந்தப் பனித்துகள்களாலான மெல்லிய மேகங்களை ஆராய்கிறது.

அந்தக் குளிர்ந்த உயரத்தைத் தாண்டி, ஸ்ட்ரேட்டோஸ்பியர் என்ற மேலடுக்குக்குள் போகும் காற்று பாலைவனம்போல வறண்டது. பத்து லட்சம் மூலக்கூறுகளுக்கு நான்கைந்துதான் நீர். இந்தக் காற்றே மெல்ல நகர்ந்து, சில ஆண்டுகளில் துருவங்களை எட்டுகிறது. இவ்வளவு சொற்ப ஈரத்தில் மேகம் உருவாகுமா?

உருவாகும், குளிர் போதுமானால். துருவக் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியன் இல்லை. சுழன்றடிக்கும் காற்று வளையம் வெளிவெப்பத்தைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. மைனஸ் 78 டிகிரி வாக்கில் நைட்ரிக் அமிலமும் நீரும் சேர்ந்து படிகமாகின்றன. மைனஸ் 85-ஐ ஒட்டித்தான் வெறும் நீர் பனியாக உறைகிறது.

முத்துச்சிப்பி நிறத்தில் மினுங்கும் இம்மேகங்கள் அழகுதான், ஆனால் பொல்லாதவை. நாம் வெளியிட்ட குளோரின் சேர்மங்கள் இத்துகள்களின்மேல்தான் வீரியம் பெறுகின்றன. வசந்தத்தில் வெயில் பட்டதும் அவை ஓசோனைத் தின்கின்றன. இப்படி உண்டான அண்டார்டிகாவின் ஓசோன் ஓட்டையை 1985-இல் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.